ஆறு நாளுக்கு ஒரு வெள்ளைத் தாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டில் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில், ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. அப்பா துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். வேலை என்றால் அவருக்கு மேசை, நாற்காலி, மேலே சுழலும் விசிறி. வேலைக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளை, உனக்கெண்டு ஒரு மேசை தருவினம்தானே?" என்று கேட்டார். தருவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வாரம் எனக்குக் கிடைத்தது ஓர் ஏணி.

அந்த வாரம்தான் கருவி கப்பலில் வந்து சேர்ந்திருந்தது. மரப்பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஓர் அலுமினிய வீடு. என் தோள் உயரம், இரண்டு பக்கமும் சரிந்த கூரை, கூரையின் விளிம்புக்குக் கீழே கை நுழையும் அளவு இடைவெளி. அந்த இடைவெளி வழியாகக் காற்றை உறிஞ்சி, கூரைக்கு அடியில் படுக்கவைத்த ஒரு வெள்ளைத் தாளின் ஊடாக இழுத்து வெளியே விடும். தாள் கண்ணாடி இழையால் ஆனது. காற்று போய்விடும், தூசி தங்கிவிடும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் தாளை நிறுத்துப் பார்த்தால், அந்த ஒரு நாளில் காற்றில் எவ்வளவு தூசி மிதந்தது என்று தெரிந்துவிடும். ஆறு நாளுக்கு ஒரு முறை, நள்ளிரவிலிருந்து மறு நள்ளிரவு வரை, கடிகார விசை தானாகவே ஓட்டி நிறுத்திவிடும். முந்தின நாள் போய்ப் புதுத் தாள் வைப்பதும், அடுத்த நாள் போய் எடுத்து வருவதும் என் வேலை.

கருவியை வைக்க எங்கள் பிரிவுத் தலைவர் தேர்ந்தெடுத்த இடம் பாயான் பாருவில் ஒரு தாய்சேய் கிளினிக்கின் மொட்டை மாடி. அவர் சீனர், அதிகம் பேசாதவர், எதையும் இரண்டு தரம் அளந்து பார்க்கிறவர். ஒரு பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகள், மறு பக்கம் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடுகள், நடுவே கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் வருகிற ஒரு கட்டடம். இங்கேதான் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

எங்கள் வேன் ஓட்டுநரான மலாய்க்காரரை எல்லோரும் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். அவரும் நானும் கருவியைக் கயிற்றில் கட்டி மாடிக்கு இழுத்தோம். பாதி உயரத்தில் அது சுவரில் மோதி ஆடியபோது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பாத்து இழுங்க லா. புள்ளத்தாச்சிங்க நடக்குற எடம்."

எட்டிப் பார்த்தேன். நீலச் சீருடையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஓர் அம்மாள், இரண்டு கர்ப்பிணிகளைக் கை காட்டி ஓரமாக நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளினிக்கைக் கூட்டித் துடைத்துப் பராமரிக்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து கல்யாணமாகித் தீவுக்கு வந்தவர், கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார், குடியிருப்பு கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில். இதெல்லாம் அன்று மத்தியானத்துக்குள் அவரே சொல்லித் தெரிந்தது. ஏணியைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துவிட்டு நிற்கிறவர் இல்லை அவர். மேலேயே ஏறி வந்துவிட்டார். கருவியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கூர இருக்கு, கதவக் காணோம். யாரு குடியிருக்கப் போறா?"

"காத்து, அக்கா," என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நான் தங்கச்சி, எனக்கு அவர் அக்கா.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி, குளிர்சாதனப் பெட்டியின் வெளிக்காற்று படாத இடமாக நாடாப் பிடித்து அளந்து, நாலு காலையும் திருகி இறுக்கினோம். விசையைப் போட்டேன். கருவி ஓர் உறுமல் உறுமியது, நின்றது. கூடவே கிளினிக் முழுவதும் விளக்கு அணைந்தது. மிஸி என்று எல்லோரும் அழைக்கும் தலைமைத் தாதி ஏணியின் அடியில் வந்து நின்று, தடுப்பூசி மருந்தெல்லாம் ஃபிரிஜ்ஜில் இருக்கிறது, அது கெட்டால் உங்கள் காற்றை வைத்து நான் என்ன செய்வது என்று மலாயில் கேட்டார். பாக்சிக் ஓடிப் போய் ஃபியூஸ் மாற்றினார். அடுத்த வாரம் தனிக் கம்பி இழுத்த பிறகுதான் கருவி ஒழுங்காக ஓடியது. ஓடும்போது பெரிய வேக்கும் கிளீனர் போல ஒரே சீராக இரைந்தது. மிஸி மறுபடியும் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். பத்து நாள் கழித்து அக்கா சொன்ன செய்தி வேறு மாதிரி இருந்தது.

"அது ஓடுற நாள்ல ஒரு புள்ளகூட அழுவல, தங்கச்சி. வரிசையில உக்காந்தாப்லயே தூங்குதுங்க. மிஸி தெனமும் ஓட்ட முடியுமான்னு கேக்குறாங்க."

முதல் தாளை எடுத்த நாளை நான் மறக்கவில்லை. வெள்ளையாக வைத்தது யானைத்தோல் நிறத்தில் இருந்தது. ஓரங்களில் மட்டும், சட்டம் அழுத்திப் பிடித்திருந்த இடத்தில், வெள்ளைக் கரை. கையுறை போட்டு அதை நீளவாக்கில் மடித்து உறையில் வைத்து, வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க ஈரம் போக வைத்து, தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எடை இருந்தது. சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"காத்தை நிறுக்கிறியோ?"

"ஓம் அப்பா."

அவர் நெடுநேரம் சிரித்தார். மறுநாள் கோயிலில் அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு மேசையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போனது. நான்காம் மாதம் தாள்கள் நிறம் மாறின. சாம்பல் நிறம் போய்ப் பழுப்பு. எடை இரண்டு மடங்கு. அடுத்த தடவை சாதாரணமாக இருந்தது, அதற்கு அடுத்த இரண்டு தடவையும் மறுபடி பழுப்பு. தொழிற்சாலைகளில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. ஜார்ஜ் டவுனில் இருந்த எங்கள் இன்னொரு கருவியின் தாள்கள் எப்போதும் போலவே இருந்தன.

தலைவர் என்னை அழைத்து, நிறுக்கும் முறையைச் செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினேன். தராசைச் சோதித்தோம். நீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயை மாட்டிக் கருவி இழுக்கும் காற்றின் அளவைச் சரிபார்த்தோம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் என்ற கரித்துண்டுகள் தேய்ந்து, அந்தக் கரி தாளில் படிகிறதோ என்று அவற்றையும் மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவர் கோபமில்லாமல், அதனாலேயே எனக்கு இன்னும் வலிக்கும்படி சொன்னார்: காரணம் தெரியாவிட்டால் இந்த மாடியில் எடுத்த எண்கள் எதையும் பயன்படுத்த முடியாது. அடுத்த மாதம் கருவியைக் கழற்றி, அக்கரையில் சிம்பாங் அம்பாட் என்ற ஊருக்குக் கொண்டுபோய்விடலாம்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அழுகை வந்தது. கருவி போவதற்காகவா, என் கையைச் சந்தேகப்பட்டதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு பழுப்புத் தாளை மறுபடி மறுபடி பார்த்திருந்தேன். புகையின் மெல்லிய கருமை அதில் இருந்தது. அதற்கு மேல் பெரிய பெரிய மணல் துகள்கள் இருந்தன. அவ்வளவு கனமான மணல் தூரத்திலிருந்து பறந்து வராது. பக்கத்தில் எங்கிருந்தோதான் வர வேண்டும். அடுத்து ஓடுகிற நாளில் காலையிலிருந்து மாடியிலேயே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஏழரை மணிக்குக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். மாடியில் கருவியின் இரைச்சலுக்கு நடுவே வேறொரு சத்தமும் கேட்டது. ஏணியில் ஏறித் தலையை நீட்டிப் பார்த்தேன். அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஈர்க்குமாறால் மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கட்டட வேலை நடக்கும் பக்கத்திலிருந்து வந்து படிந்த மணல், மழையே இல்லாத மாதங்களில் காய்ந்து கிடந்தது. அதைக் கருவியைச் சுற்றிச் சுற்றி, ஒரு மூலை விடாமல், முழு வேகத்தில் பெருக்கினார். காலை வெயிலில் தூசி பொன்னாக எழும்பி, நேராக அந்த அலுமினியக் கூரைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன செய்றீங்க?"

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இன்னிக்கி ஓடுற நாளு தான? நீ போன மாசம் கீழ கலண்டர்ல செவப்பு வட்டம் போட்டு ஒட்டிட்டுப் போனதுலேருந்து ஒவ்வொரு தடவையும் கூட்டிப்புடுறேன். நம்ம கிளினிக் காத்து குப்பையா இருக்குன்னு யாரும் எழுதிடக் கூடாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தது என்றால், மாடியிலேயே உட்கார்ந்துவிடும் அளவுக்கு வந்தது. நான்கு வாரப் பயம் அப்படி வெளியே கொட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது அக்கா சிரிக்கவில்லை. ஈர்க்குமாறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். ஏணியில் இறங்கிப் போனார்.

அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. மறுநாள் தாளை எடுத்தபோது, பழைய சாம்பல் தாள் ஒன்றையும், இன்னும் ஓட்டாத வெள்ளைத் தாள் ஒன்றையும் கூடவே கொண்டுபோயிருந்தேன். மருந்து கட்டும் அறையில் அவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்தேன்.

"அக்கா, நான் சிரிச்சது தப்பு. நீங்க செஞ்சத வச்சுச் சிரிக்கல. ஒரு மாசமா என் கை சரியில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதான். மன்னிச்சிடுங்க."

அவர் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெள்ளை, சாம்பல், பழுப்பு. பழுப்பின் மேல் விரலை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"இது நான் கூட்டுனதா?"

"ஆமாக்கா."

"இம்புட்டையும் அது ஒரே நாள்ல இழுத்துருச்சா?"

"இழுத்துடுச்சு."

பிறகு, "நல்ல மெஷின்தான் லா," என்றார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துதான் சிரித்தோம்.

தலைவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அக்காவின் மேல் பழி வருமோ என்று பயந்து, 'மாடியில் தூசி கிளம்பியது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, யார் கிளப்பினார்கள் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. அடுத்த நாளே அவர் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாயான் பாரு வரை பாக்சிக் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

அக்கா கிளினிக் வாசலிலேயே நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "சாயா யாங் சாப்பு," என்றார், நான்தான் கூட்டினேன் என்று. நேராக நின்று சொன்னார். தலைவர் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தெந்த நாள் கூட்டினீர்கள், நினைவு இருக்கிறதா?

அக்கா உள்ளே போய்ச் சுவரிலிருந்து அந்தக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார். நான் போட்ட சிவப்பு வட்டங்களுக்குள் அவர் பென்சிலால் சின்னச் சின்னதாகச் சரி அடையாளம் போட்டிருந்தார். ஒரு வட்டத்தில் அடையாளம் இல்லை. அன்று தங்கை வீட்டுக்குச் சிம்பாங் அம்பாட் போய்விட்டாராம். எங்கள் பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அடையாளம் இருந்த நாளெல்லாம் பழுப்பு. இல்லாத நாள் சாம்பல். ஒன்றுகூடத் தவறவில்லை.

தலைவர் காலண்டரையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று மெதுவாகத் தோன்றியது. சிரித்தார் என்றே சொல்லலாம். கூட்டிய நாட்களை மட்டும் விலக்கிவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் நல்ல எண்கள், இந்த அம்மாள் குறித்து வைத்த மாதிரி நம் ஆய்வுக்கூடத்தில் யாரும் குறித்து வைப்பதில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மலாயில் அக்காவிடம் கேட்டார்: கூட்டுவதற்குப் பதிலாக, ஓடுவதற்கு இரண்டு நாள் முன்பு மாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட முடியுமா? ஓடும் நாளில் ஏதாவது நடந்தால் எழுதி வைக்க முடியுமா?

"போலே," என்றார் அக்கா. முடியும் என்று. "ஆனா தமிழ்லதான் எழுதுவேன்," என்றார் என்னிடம்.

கருவி சிம்பாங் அம்பாட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு அந்தப் பதிவேட்டின் 'குறிப்பு' என்ற பத்திதான் நினைவுக்கு வருகிறது. 'காலையில் எதிர் மனையில் சிமெண்டு லோரி மூன்று.' 'பின்னால் புல் வெட்டினார்கள். மலாயில் ஏசினேன். நிறுத்தவில்லை.' 'மழை. மெஷின் நல்லா இருக்கு.' 'இரட்டைப் பிள்ளை வந்தது, இரண்டும் தூங்கியது.' தலைவர் மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார். தூசிக்குச் சம்பந்தமில்லாததை விட்டுவிட்டுப் படித்தால், இங்கே இன்னும் ஒரு வரி இருக்கிறதே என்று விரலால் காட்டுவார்.

அக்காவின் காதுதான் எங்களுக்குப் பெரிய உதவி. பிரஷ் தேய்ந்துகொண்டு வரும்போது மோட்டாரின் இரைச்சலில் ஒரு சின்னக் கரகரப்பு வரும். எனக்கு அது நின்ற பிறகுதான் தெரியும். அவர் கிளினிக்கிலிருந்து போன் செய்து, "தங்கச்சி, அதுக்குத் தொண்ட கட்டிருச்சு," என்பார். போய்க் கழற்றிப் பார்த்தால் கரித்துண்டு நகமளவுக்குத் தேய்ந்திருக்கும்.

ஒரு தீபாவளி, ஓடுகிற நாளில் வந்தது. முந்தின நாளே தாளை வைத்துவிட்டு, இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையில் துண்டோடு வெளியே வந்தேன். போனை அப்பா பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உன்ர மெஷின் நிண்டு போச்சாம்."

அக்காதான். அவரும் எண்ணெய்க் குளியலுக்கு எழுந்திருக்கிறார், பின்கட்டில் நின்றால் கேட்கும் இரைச்சல் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்தார்.

"நல்ல நாளு, உன்னக் கூப்புடக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஆனா இன்னிக்கி விட்டா இன்னும் ஆறு நாள் ஆவுமே."

"வரேன்கா. சாவி இருக்குல்ல?"

"சாவி இல்லாம நான் எங்க போவேன்."

புதுச் சேலை மடித்து வைத்தபடி இருந்தது. பழைய சட்டையும் சிலுவார் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். அம்மா என் கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள். கிரீன் லேன் சாலை காலியாக இருந்தது. காற்றில் வெடி மருந்து வாசனை.

அக்கா பச்சைப் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, மாடியில் எனக்கு முன்பே நின்றார். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறார். காற்றின் அளவைக் குறிக்கும் வட்டத் தாளில் பேனாக் கோடு அதிகாலை மூன்று மணிக்குச் சட்டென்று கீழே விழுந்திருந்தது. மாற்று பிரஷ்ஷும் முன்பே எடை நிறுத்து வைத்த மாற்றுத் தாளும் கிளினிக் அலமாரியில் எப்போதும் ஒரு செட் இருக்கும். நான் மோட்டாரைக் கழற்றினேன். அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாக முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். மாட்டி முடித்து, வளைந்த குழாயை அவர் பிடித்துக்கொள்ள, நீர்மட்டத்தைப் படித்தேன். சரியாக இருந்தது. மூன்று மணி நேரம் மட்டும் ஓடிய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, விசையைப் போட்டேன். பத்து மணி ஆகிச் சில நிமிடம். மறுநாள் அதே நேரத்துக்கு நிறுத்துவதாகக் குறித்தேன்.

கருவி இரைந்தது. சுற்றிலும் அடுக்குமாடிகளிலிருந்து சரவெடிச் சத்தம்.

"இன்னிக்கி ஊரே வெடிக்குது. பேப்பர் கறுப்பாத்தான வரும்? உங்க மொதலாளி ஒத்துக்குவாரா?" என்று அக்கா கேட்டார்.

"இன்னிக்கிக் காத்து இதுதானேக்கா. இருக்குறதத்தானே எழுதணும்."

கருவியிலிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தோம். அவர் ஒரு தூக்கில் அதிரசம் கொண்டுவந்திருந்தார். என் விரலெல்லாம் கரி. அதனால் அவரே எடுத்து என் வாயில் போட்டார். பாயான் லெப்பாஸில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. அதற்குப் பிறகு அவர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதினார்.

நான்கு நாள் கழித்து அந்தத் தாளை நிறுத்து எண்ணைத் தலைவரிடம் கொடுத்தேன். அதுவரை அந்த மாடியில் எடுத்ததிலேயே கனமான தாள். அவர் குறிப்பைப் படிக்கச் சொன்னார். படித்தேன்: 'தீபாவளி. இரவில் மோட்டார் நின்றது. தங்கச்சி ஈரத் தலையோடு வந்து சரி பண்ணினாள். ஊர் முழுக்க வெடி. சந்தோஷமான புகை.'

அவர் பேனாவை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏற்கத்தக்கது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, அதிரசம் என்பது என்ன, அதில் கொஞ்சம் மிச்சம் இருக்குமா என்று கேட்டார். நான் பாக்சிக்கிடம் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் அக்கா ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார்.